தோள்பட்டையில் ஒரு பேட்ச்

நடந்தவை, வரிசையாக:

1. சித்தூரில் நான் டிப்ளமோ படித்த பாலிடெக்னிக்கில் ஒரிஜினல் சான்றிதழை வாங்கிக்கொண்டு திருப்பதிக்குத் திரும்பினேன். புத்தலப்பட்டு தாண்டியதும், மாங்காய் ஏற்றி நின்றிருந்த டிராக்டரின் பின்னால் பஸ் மோதியது.

2. முதுகில் இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. எலும்பு சேர்ந்தது. வலி போகவில்லை.

3. மாத்திரைகள் முதலில் வலியைக் குறைத்தன. பிறகு வலியைக் குறைத்து வயிற்றைக் கெடுத்தன. பிறகு வயிற்றை மட்டும் கெடுத்தன.

4. திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வலி கிளினிக்கில், தோலில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் எழுதிக் கொடுத்தார்கள். மார்ஃபின் இனத்து மருந்து. மூன்று நாளைக்கு ஒன்று.

5. மறுபடி வேலைக்குப் போக முடிந்தது.

6. சில காலம் கழித்து மருந்தின் அளவைக் கூட்ட வேண்டியிருந்தது. கூட்டும் நாட்களில் ஒருவர் கூடவே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தேன்.

7. அம்மா எனக்கு உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

கேட்பவர்கள் ஏழாவதில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அம்மா ஒத்தடம் கொடுப்பது ஒரு சம்பவமா? அதனால் மற்ற ஆறையும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேட்ச் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத பொருள். கண்ணாடித்தாள் போல மெல்லியது, கட்டைவிரல் அகலம். தோள்பட்டையிலோ மார்புக்கு மேலோ ரோமம் இல்லாத இடத்தில், எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டி, உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். அதிலிருந்து மருந்து மெதுவாகத் தோலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். அது வலியைப் போக்கவில்லை. வலி பக்கத்து வீட்டில் ஓடும் மிக்ஸி மாதிரி ஆனது. சத்தம் இருக்கிறது, ஆனால் என் வீட்டில் இல்லை.

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை ஏர்பேடு பக்கம் இருக்கிறது. டிவிக்குள் போகும் பவர் போர்டுகளைச் செய்கிறோம். என்னுடையது சூட்டு அறை. செய்து முடித்த போர்டுகளை அடுக்கில் வைத்து, அறையின் சூட்டை ஏற்றி, மின்சாரம் கொடுத்து ஓட விடுவோம். கெட்டுப்போகிறது ஏதாவது இருந்தால் அங்கேயே கெட்டுப்போகும். வாங்கினவர் வீட்டில் போய்க் கெடாது. உட்கார்ந்தும் நின்றும் செய்கிற வேலைதான். போய்ச் சேருவதுதான் கஷ்டம். விபத்துக்குப் பிறகு கம்பெனி பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, என் கைகளைப் பார்த்தபடி நின்றுகொண்டே போவேன். பேட்ச் ஒட்டின முதல் வாரம் ரேணிகுண்டாவிலிருந்து ஏர்பேடு வரை உட்கார்ந்தே போனேன். அந்தச் சாலையோரம் வேர்க்கடலை வயல்கள் இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தொழிற்சாலையில் சட்டை மாற்றும் அறையில் பேட்ச்சைப் பார்த்துவிட்டாள், கூட வேலை செய்யும் சத்தியவேடு பக்கத்துப் பெண் ஒருத்தி.

"இன்னாக்கா இது, தோள்ல டேப் ஒட்டிகினு கீற?"

"முதுகு வலிக்கு."

"எனுக்கும் ஒண்ணு குடேன்கா. நின்னுகினே கீறதுல இடுப்பு கயண்டுபோச்சு."

"இது உனக்கு ஆகாது. டாக்டர் யாருக்கு எழுதினாரோ அவங்கதான் போடணும்."

"சரி, பழசு குடு. பிச்சி எடுத்ததுல பசை கீதில்ல?"

பிச்சி எடுத்த பேட்ச்சிலும் மருந்து மிச்சம் இருக்கும், பழகாத உடம்புக்கு மூச்சே நின்றுபோகும், அதனால்தான் மடித்து கிளினிக்கிலேயே திருப்பிக் கொடுக்கிறேன் என்று சொன்னேன்.

"மூச்சு நின்னுடுமா? அப்ப நீ இன்னாக்கா, பேயா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு எனக்குப் பேய் அக்கா என்று பெயர். கெட்ட எண்ணத்தில் வைத்தது இல்லை. ஆனால் ஒரு டேப்பைக்கூடக் கொடுக்காதவள் என்பது அவர்கள் மனதில் நின்றுவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை பெரும்பாலும் காலியாகவே வரும். நான் அதில் என் பையை வைத்துக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்கு நான்தான் இடம் பிடித்து வைத்திருக்கிற மாதிரி இருக்கும்.

திருப்பதியில் என் அறை மாடியில். கீழே வீட்டுக்காரம்மா தனியாக இருக்கிறார். தெலுங்குக்காரர். இரண்டு பிள்ளைகளும் அமெரிக்காவில். வாடகைக்கு விடும்போது அவர் வைத்த நிபந்தனைகள்: முட்டை கூடாது, கிழக்குக் கொடியில் என் துணி கூடாது, காலையில் தண்ணீர் மோட்டார் போடுவது என் வேலை. மோட்டார் சுவிட்ச் மாடிப்படி முடியும் இடத்தில், என் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. அவருக்கு முழங்கால் மடங்காது, படி ஏற முடியாது. நான் எழுந்ததும் சுவிட்ச்சைப் போடுவேன். கீழே போர் மோட்டார் உறுமும். அவர் குழாயைத் திறப்பார். எங்களுக்குள் நடந்த பேச்சுவார்த்தை கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அளவு கூட்ட வேண்டும் என்றபோது டாக்டர் கேட்ட முதல் கேள்வி, கூட யார் இருக்கிறார்கள் என்பது. ஆரம்பத்திலும் கேட்டார், அப்போது சென்னையில் இருக்கும் அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் இருந்தான், செல்போனைப் பார்த்தபடி. இந்த முறை அவனுக்கு லீவு இல்லை. நகரிப் பக்கம் ஊரில் நைனாவும் அம்மாவும் இருந்தார்கள். அம்மா மல்லிப்பூ பறிக்கும் வேலையை விட்டுவிட்டு, ஒரு கட்டைப்பையோடு வந்து இறங்கினாள். பையில் அரிசி, கருவாடு, கல்லுப்பு, ஒரு கட்டு நொச்சி இலை. கருவாட்டைப் பார்த்ததும் நான் அதை பாலிதீனில் சுற்றி, இன்னொரு பாலிதீனில் சுற்றி, பெட்டிக்குள் வைத்தேன்.

"இன்னா பாப்பா, பொணத்த மறைக்கற மாரி மறைக்கற?"

"வீட்டுக்காரம்மா முட்டைக்கே விட மாட்டாங்கம்மா."

"அப்ப இன்னாதான் துன்னுகினு கீற இங்க? அதான் இடுப்பு கூடல."

கிளினிக்கில் டாக்டர் அம்மாவை எதிரில் உட்காரவைத்து தெலுங்கில் நிதானமாகச் சொன்னார். "வேடி நீள்ள பேக் பெட்டொத்து." வென்னீர்ப் பை வைக்கக் கூடாது. கூப்பிட்டு எழாவிட்டால், மூச்சு விட்டு விட்டு வந்தால், பேட்ச்சை உடனே பிய்த்துவிட்டு இங்கே கொண்டுவர வேண்டும். அம்மா பூச்சந்தையில் பழகின தெலுங்கில் எல்லாவற்றையும் ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். டாக்டருக்குத் திருப்தி. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டாள்.

"ஆமா, உன்னாண்ட வென்னீர்ப் பை கீதா?"

"இருக்கு."

"இன்னிக்கே அத்த தூக்கிக் கடாசு."

போட்டுவிட்டேன். டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அம்மா.

ஆனால் பேட்ச் இருந்த இடம் அவளுக்குப் பிடிக்கவில்லை. "நோவு இடுப்புல கீது, பிளாஸ்திரி தோள்ல கீது. பக்கத்து வூட்டுக்குத் தபால் போட மெட்ராசுக்குப் போன மாரி."

"அது ரத்தத்துல கலந்து மூளைக்குப் போவும்மா."

"இடுப்பு இங்க கீறப்போ மூளைக்கு இன்னாத்துக்குப் போவணும்?"

எனக்குச் சொல்லத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, "படிச்சவங்க சொன்னா சரி" என்றாள். அப்படியென்றால் சரியில்லை என்று அர்த்தம்.

அந்த நாட்களில் அம்மா என் பாயை ஒட்டிப் பாய் போட்டுக்கொண்டாள். நான் கண் விழிக்கும்போதெல்லாம் அவள் தலைக்குக் கையை முட்டுக்கொடுத்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஹாஸ்டல், அறை, ஆஸ்பத்திரி வார்டு என்று எத்தனையோ இடங்களில் தூங்கியிருக்கிறேன். நான் தூங்குவதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. அது ஒரு மாதிரி கூச்சமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். முந்தின நாள்தான் புதுப் பேட்ச், கூட்டின அளவில், இடது தோள்பட்டைக்குப் பின்னால் அம்மாவே ஒட்டியிருந்தாள். சாப்பிட்டுவிட்டுக் குப்புறப் படுத்தேன். பாதித் தூக்கத்தில் கல்லுப்பு வறுபடும் வாசனையும் நொச்சி வாசனையும் வந்தது. பிறகு இடுப்பில் துணி மூட்டையின் சூடு. ஒத்தி, எடுத்து, ஒத்தி. சுகமாக இருந்தது. மெதுவாக மேலே ஏறித் தோள்பட்டைக்கு வந்தது. ஏதோ சொல்ல வேண்டும் என்று தோன்றியது ஞாபகம் இருக்கிறது. என்ன என்பதற்குள் தூங்கிவிட்டேன்.

எங்கள் ஊரில் ஒத்தடத்தைச் சூடு என்று யாரும் நினைப்பதில்லை. அது ஒரு வைத்தியம். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பார்கள், சுளுக்குக்குக் கொடுப்பார்கள், ஏர் இழுத்த மாட்டின் தோளுக்குக்கூடக் கொடுப்பார்கள். டாக்டர் வேண்டாம் என்றது வென்னீர்ப் பை. அந்தப் பை வீட்டிலேயே இல்லாதபடி அம்மா பார்த்துக்கொண்டாள். பிறகு ஆஸ்பத்திரியில், ஏன்மா தோளில் கொடுத்தாய் என்று கேட்டதற்கு அவள் சொன்னது:

"தைலம் தேய்ச்சா மேல சூடு காட்டுவோமில்ல? அப்பதான உள்ள எறங்கும். இது மேலயே ஒட்டிகினு கீது, எறங்கவேயில்லன்னு நெனச்சேன் பாப்பா."

அம்மாவின் கணக்கில் தவறே இல்லை. தோல் சூடானால் ரத்தக் குழாய்கள் விரியும், மருந்து வேகமாக உள்ளே போகும். நாள் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டியது அந்த ஒரு மத்தியானத்தில் இறங்கியது. நான் தினமும் போர்டுகளுக்குச் செய்வதைத்தான் அம்மா எனக்குச் செய்தாள்.

மீதியை அவள் சொல்லித்தான் தெரியும். நான் குறட்டை விட்டுத் தூங்குவதைப் பார்த்து முதலில் சந்தோஷப்பட்டாளாம். பாத்திரம் கழுவினாளாம். குறட்டை நின்றதும் திரும்பிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெரிய மூச்சு. பிறகு ஒன்றுமில்லை. கூப்பிட்டாள், கன்னத்தில் அடித்தாள். உதடு நீலமாக இருந்தது. டாக்டர் சொன்னபடி பேட்ச்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, மாடிக் கைப்பிடியில் நின்று தமிழில் அலறினாள். தமிழ் தெரியாத வீட்டுக்காரம்மா, மடங்காத முழங்காலோடு படியேறி வந்தார். தெருவிலிருந்து ஆட்டோ பிடித்து வரச் செய்தவரும் அவர்தான்.

ஊசி போட்டு எழுப்பினார்கள். அந்த ஊசி உடம்பிலிருக்கும் மருந்தின் வேலையை முழுக்க நிறுத்திவிடும். ஆகவே வலியும் ஒரே நொடியில் முழுதாகத் திரும்பி வந்தது. கண் விழித்து நான் முதலில் சொன்னது ஒரு கெட்ட வார்த்தை என்று அம்மா சொல்கிறாள். "அத்தக் கேட்டதும்தான் எனுக்கு உசுரு வந்துச்சு" என்றும் சொல்கிறாள்.

அண்ணன் போனில் கத்தினான். "அந்த எழவெடுத்த பிளாஸ்திரிய நிறுத்து. ரூமக் காலி பண்ணிகினு ஊருக்குப் போ. நைனா, அம்மா கூட இரு. இன்னா கெட்டுப்போச்சு இப்ப?"

என்ன கெட்டுப்போகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். பேட்ச் இல்லையென்றால் பஸ்ஸில் உட்கார முடியாது. பஸ் இல்லையென்றால் சூட்டு அறை இல்லை. சூட்டு அறை இல்லையென்றால் இந்த அறை இல்லை. ஊரில் கட்டிலில் படுத்துக்கொண்டு, யார் வந்தாலும் "இன்னும் நோவு கீதா?" என்று கேட்க, "கீது" என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். இதை அவனிடம் சொல்லவில்லை. "பாக்கறேண்ணா" என்றேன்.

அம்மா அவனைப் போலச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் தன் புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள் இரும்மா."

"வேணாம் பாப்பா. என் கையப் பாத்தா எனுக்கே பயமா கீது. திரும்ப இன்னா செஞ்சி வைப்பனோ."

"நீ தப்பா எதுவும் செய்யலம்மா."

"அதான் பயமா கீது. தப்புன்னு தெரிஞ்சிகினு செஞ்சா நிறுத்திக்கலாம்."

ஊருக்குப் போக, புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வழக்கமாக ஏறுமுன் என் தலையைத் தடவுவாள். அன்றைக்குக் கைகளைப் பைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் டாக்டர் கோபப்படவில்லை. கூட யாரும் இல்லாதவருக்கு இந்த அளவைக் கொடுக்க முடியாது, அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடலாம் என்றார். ஒரே வீட்டில் இருக்கும் ஒருவர், தினமும் நான் எழுந்தேனா என்று பார்ப்பதாகச் சொன்னால் மட்டும் தொடரலாம். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த முறை வரும்போது ஆளோடு வரச் சொன்னார்.

அறைக்கு வந்து போனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். சூப்பர்வைசர், கேஸ் ஏஜென்சி, பஸ் டிரைவர், பாலிடெக்னிக்கில் கூடப் படித்தவர்கள். அவர்களில் ஒருத்தி பெங்களூரில், ஒருத்தி துபாயில், ஒருத்தி கல்யாணம் ஆகி நாயுடுபேட்டையில். எல்லாரையும் கூப்பிட்டுப் பேசலாம். கூப்பிட்டு, காலையில் நான் உயிரோடு இருக்கிறேனா என்று வந்து பாருங்கள் என்று சொல்ல முடியாது. பெயர்கள் முடிந்ததும் மறுபடி மேலிருந்து பார்த்தேன்.

மறுநாள் காலையில் மோட்டார் போட்டேன். கீழேயிருந்து வீட்டுக்காரம்மாவின் குரல் வந்தது.

"அம்மாயி, மீ அம்மா வெள்ளிப்போயிந்தா?"

பொண்ணே, உங்க அம்மா போயாச்சா என்று கேட்டார். போயாச்சு ஆன்ட்டி என்றேன். படி இறங்கிப் போய், டாக்டர் சொன்னதையும் சொன்னேன். எதையும் கேட்பதாக நினைத்துச் சொல்லவில்லை. அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கலாம் என்று முன்கூட்டிச் சொல்லி வைக்கத்தான் போனேன்.

அவர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. தினமும் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்டார். காலையில் நான் எழுந்துவிட்டேனா என்று மட்டும் என்றேன்.

"மோட்டார் வேஸ்தாவு கதா" என்றார். மோட்டார் போடுகிறாய் அல்லவா. அவ்வளவுதானே, அது எனக்குத் தினமும் தெரிகிற விஷயம்தானே என்பது போல.

அடுத்த முறை ஆட்டோவில் என்னோடு கிளினிக்குக்கு வந்தார். நர்ஸ் கேட்டாள், "மீக்கு ஏமவுதுந்தி?" உங்களுக்கு இவள் என்ன உறவு? வீட்டுக்காரம்மா சொன்னார்.

"ஆமெ பைன உண்டுந்தி. நேனு கிந்த உண்டானு."

அவள் மேலே இருக்கிறாள், நான் கீழே இருக்கிறேன். நர்ஸ் டாக்டரைப் பார்த்தாள். மோட்டார் ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஏறிப் பார்ப்பேன் என்றார் இவர். பேட்ச்சைப் பிய்ப்பது எப்படி என்பதைக் கற்றுக்கொண்டார். ஒத்தடம், சுடுமணல், அடுப்படி வெக்கை எதுவும் அதன் மேல் படக்கூடாது என்று இந்த முறை டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்துத்தான் சொன்னார்.

போன மழைக்காலத்தில் ஒரு காலை மின்சாரம் இல்லை. சுவிட்ச்சைப் போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை. சரி, பிறகு பார்க்கலாம் என்று பல் தேய்க்கப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறும் சத்தம். இடையில் நின்று மூச்சு வாங்கும் சத்தம். கதவில் இடி. வாயில் நுரையோடு திறந்தேன். வீட்டுக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் என் அறையின் மாற்றுச் சாவி.

"கரண்ட் லேது ஆன்ட்டி" என்றேன்.

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கீழே மின்விசிறி நின்றிருக்கும். உள்ளே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு தட்டு, ஒரு டம்ளர், சுவரில் பேட்ச் மாற்றும் நாட்களுக்கான காலண்டர். "அயிதே பிலுவு" என்றார். அப்படியென்றால் கூப்பிட்டுச் சொல். பிறகு பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டார்.

இப்போதைய நிலை: கூட்டின அளவிலேயே இருக்கிறேன். வலி இருக்கிறது, வேலையும் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து போகிறேன். பக்கத்து இருக்கையில் பையை வைப்பதில்லை, இருந்தாலும் அது காலியாகத்தான் வருகிறது. அம்மா ஊரில் இருக்கிறாள். காலையில் போன் செய்து "மோட்டார் போட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். ஊருக்குப் போனால் எதிரே உட்கார்ந்து பேசுகிறாள், முதுகைத் தொடுவதில்லை. வீட்டுக்காரம்மாவும் நானும் முன்பு போலவே அதிகம் பேசுவதில்லை. மின்சாரம் இல்லாத காலைகளில் நான் குழவிக்கல்லால் தரையை இரண்டு தட்டு தட்டுகிறேன். இரவில் கதவைச் சாத்துகிறேன், உள்தாழ்ப்பாள் போடுவதில்லை.